வளையத்துள் வந்த நட்பு

சென்ற ஆண்டின் இடைப்பகுதியில் ஒரு நாள் காலை, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனுடைய புத்தகப் பையிலிருந்து எடுத்த கையடக்க மின்னியல் விளையாட்டுக் கருவி ஒன்றை அவனுடைய வகுப்பாசிரியை என் மேசைமீது கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கு இத்தகைய பொருள்களைக் கொண்டுவருதல் கூடாது என்பது விதி. பெற்றோர் நேரில் வந்து கையொப்பமிட்ட பின்னரே பொருள் திருப்பித் தரப்படும். மாணவன் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வாசற்படியில் நின்றவாறே, "ஐயா, இது சண்டை போடுகிற விளையாட்டு இல்லை. காட்டுப் பிராணிகளோடு நண்பனாகி அவற்றைக் காப்பாற்றுகிற விளையாட்டு" என்றான். குற்றம் சாட்டப்பட்டவன் தனக்காக வாதாடாமல் தன் விளையாட்டுக்காக வாதாடியது எனக்கு வியப்பாக இருந்தது. அன்று பள்ளி முடிந்த பின் அவனை அழைத்து, அது என்ன விளையாட்டு என்று காட்டச் சொன்னேன்.

கருவி பழையது. அவனுடைய மாமன் மகன் வைத்திருந்து கைமாறி வந்தது. நின்டெண்டோ என்னும் ஜப்பானிய நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிஎஸ்' என்பது அதன் பெயர். புத்தகம்போல் திறக்கும். மேலும் கீழுமாக இரண்டு திரைகள். கீழ்த் திரையை எழுதுகோல் போன்ற சிறு குச்சியால் தொட்டு இயக்கலாம். அதனுள் இருந்தது 'போக்கிமோன் ரேஞ்சர்' என்னும் விளையாட்டு. ஜப்பானில் 2006ஆம் ஆண்டில் வெளிவந்த அதற்கு 2008இலும் 2010இலும் தொடர்ச்சிகள் வந்தன. ஆடுபவன் ஒரு வனக்காவலன். பியோரே என்னும் கற்பனை நாட்டில் அவன் காட்டிலும் மலையிலும் நடந்து செல்கிறான். வழியில் விந்தையான உயிரினங்கள் எதிர்ப்படுகின்றன. திரையில் அங்குமிங்கும் ஓடும் அந்த உயிரினத்தைச் சுற்றிக் குச்சியால் வளையம் வரைய வேண்டும். கோடு அறுபடாமல், உயிரினம் கோட்டின்மேல் மோதாமல், இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. சுற்று நிறைவெய்தினால் அது நண்பனாகி உடன் வரும். வழியை மறிக்கும் மரத்தை வெட்டவோ, நெருப்பை அணைக்கவோ, பாறையை உடைக்கவோ ஓர் உதவி செய்யும். உதவி முடிந்ததும் அதனை விட்டுவிட வேண்டும். அது தன் காட்டுக்குத் திரும்பிவிடும்.

"விட்டுவிடும்போது உனக்கு வருத்தமாக இருக்காதா?" என்று கேட்டேன்.

"இருக்கும், ஐயா. ஆனால் விட்டுவிட வேண்டும். அதுதான் விதி" என்றான்.

இந்த விடை என்னைச் சிந்திக்க வைத்தது. போக்கிமோன் விளையாட்டுகளின் மூல வரிசை 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் தொடங்கியது. அதனை உருவாக்கிய சத்தோஷி தாஜிரி, தோக்கியோவின் புறநகர்ப் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் குளங்களிலும் வயல்களிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்தக் குளமும் வயலும் கட்டடங்களாக மாறிய பின், தாம் துய்த்த இன்பத்தை அடுத்த தலைமுறைச் சிறுவர்களுக்கு வேறு வடிவில் தர விரும்பினார். ஆகவே மூல விளையாட்டின் சாரம் பூச்சி பிடிக்கும் சிறுவனின் சாரமேயாகும். கண்டுபிடித்தல், பிடித்தல், சேர்த்து வைத்தல், பிறர் பிடித்தவற்றோடு மோதவிடல் என்று அது செல்கிறது. வனக்காவலன் விளையாட்டு அதனினும் ஒருபடி மேலே ஏற முயன்றிருக்கிறது. இங்குச் சேர்த்து வைத்தல் இல்லை. உரிமை கொண்டாடுதலும் இல்லை. பத்து வயதுச் சிறுவனுக்குக் கைவிட்டு விடும் பழக்கத்தை ஒரு விளையாட்டு கற்பிக்கிறது என்றால், அதனை எளிதாகத் தள்ளிவிட ஓர் ஆசிரியனுக்கு மனம் வராது. உண்மையில் இல்லாத பிராணியிடம் காட்டும் இரக்கம் இரக்கமாகுமா என்று சிலர் வினவலாம். விலங்கைத் துன்புறுத்துபவனின் நெஞ்சு மனிதரிடத்தும் கடினப்பட்டுவிடும் என்று செருமானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் தம் மாணவர்க்கு உரைத்தார். நெஞ்சு பழக்கத்தால் உருவாவது என்பது அதன் உட்பொருள். அவ்வாறாயின், விளையாட்டிற் பழகிய நெஞ்சும் ஓரளவு பழகிய நெஞ்சுதான். இதில் எனக்கு அதிகம் வழக்கில்லை.

என் வழக்கு வேறு. மாணவன் சொன்ன 'நண்பன்' என்னும் சொல்லின்மேல்தான் எனக்கு ஐயம் எழுந்தது.

ஓடுகின்ற ஓர் உயிரைச் சுற்றிக் கோடு போட்டு, அது களைத்தோ இளகியோ நின்றபின் அதனை நண்பன் என்கிறோம். காவலன் தன் நல்லெண்ணத்தை அக்கோட்டின் வழியே உணர்த்துகிறான் என்பது விளையாட்டு தரும் விளக்கம். ஆனால் அச்செயலுக்கு விளையாட்டே வைத்திருக்கும் பெயர் 'பிடித்தல்' என்பதுதான். சுற்று நிறைந்த பிறகு, 'உன் நட்பு எனக்கு வேண்டா' என்று சொல்லும் உரிமை அவ்வுயிருக்கு இல்லை. இன்னொன்றையும் நோக்குக. இக்கதையில் தீயவர் கூட்டம் ஒன்று வருகிறது. அவர்களும் அதே வகைக் கருவியை, மேலும் வலிமையுடையதாக்கி, உயிரினங்களை வசப்படுத்தித் தீச்செயலுக்குப் பயன்படுத்துகின்றனர். 2008ஆம் ஆண்டுத் தொடர்ச்சியிலும் தீயவர்கள் கருவி கொண்டே உயிரினங்களை ஆட்டிப் படைக்கிறார்கள். நல்லவன் கையில் ஒரு கருவி, தீயவன் கையில் ஒரு கருவி. இரண்டும் செய்வது ஒரே வேலை. வேறுபாடு ஏவுபவனின் எண்ணத்தில் மட்டுமே இருக்கிறது. ஏவப்படும் உயிரின் பக்கம் நின்று பார்த்தால் அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது? சிறுவர்களை இக்கேள்வி கேட்டால் நம்மைவிடக் கூர்மையாக விடை சொல்வார்கள் என்பது என் நம்பிக்கை.

திருவள்ளுவர் நட்பினைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு நிறைவு கொள்ளவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களைத் தொடர்ந்து வைத்தார். அவற்றுள் நட்பாராய்தல் என்பது, கொள்ளுமுன் ஆராய்ந்து கொள்ளும் கடமையைக் கூறுவது. ஆராய்தல் என்றால் ஏற்கவும் மறுக்கவும் வாய்ப்பிருத்தல் வேண்டும். இருபக்கமும் அவ்வாய்ப்பு இருக்கும் இடத்திலேயே நட்பு என்னும் சொல் பொருந்தும். காட்டுயிருக்கும் நமக்கும் இடையே அது பெரும்பாலும் இல்லை.

அப்படியானால் காட்டுயிரிடம் நமக்கு இருக்க வேண்டியது யாது? இதற்கும் வள்ளுவரிடமே வழி உண்டு. அன்புடைமையை இல்லறவியலில் எட்டாம் அதிகாரமாக வைத்தவர், அருளுடைமையைத் துறவறவியலின் தொடக்கத்தில் இருபத்தைந்தாம் அதிகாரமாக வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்வது அருள் என்று பரிமேலழகர் வேறுபாடு காட்டுவார். வகுப்பறையில் இவ்வேறுபாட்டைப் பல்லாண்டுகள் நான் தேர்வுக்குரிய குறிப்பாக மட்டுமே கற்பித்திருக்கிறேன். இரண்டையும் ஏன் அவ்வளவு தொலைவில் பிரித்து வைத்தார் என்பது, அந்தச் சிறுவனின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாலையில்தான் எனக்கு ஒருவாறு விளங்கிற்று. அன்பு மறுமொழியை எதிர்பார்க்கும். தழுவினால் தழுவப்பட விரும்பும். அருளோ துறவின் பக்கத்தில் நிற்பது. துறத்தலில் முதலிற் துறக்க வேண்டியது, பிறவுயிர் நம்மை விரும்ப வேண்டும் என்னும் ஆசைதான் போலும்.

பேகன் மயிலுக்குப் போர்வை தந்த கதையை நாம் நான்காம் ஆண்டிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் சிரிப்பார்கள். மயிலுக்கு எதற்குப் போர்வை என்பார்கள். மயிலுக்கு அது பயன்படாது என்பதை அறிந்தே கொடுத்தான் என்பது பரணர் தரும் செய்தி. இதற்குக் 'கொடைமடம்' என்று பெயரும் உண்டு. மயிலின் தேவையைவிடப் பேகனின் உள்ளமே அப்போர்வையில் மிகுதி என்பதை நம் முன்னோர் அறியாமல் பாராட்டவில்லை. ஆனால் ஒன்று: போர்வையைத் தந்தவன் மயிலை அரண்மனைக்கு அழைத்துச் செல்லவில்லை. தந்தான், போய்விட்டான். அந்தப் பகுதியை நான் வகுப்பில் அழுத்திச் சொன்னதே இல்லை.

இவ்வளவு தூரம் நான் வாதிடுவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

நான் பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். என் தந்தையார் பால்மரம் வெட்டுபவர். 1980ஆம் ஆண்டில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, தோட்டச் சாலையில் லாரியில் அடிபட்டுக் கிடந்த தாய்க்குரங்கின் மார்பை விடாமற் பற்றிக்கொண்டிருந்த குட்டி ஒன்றை அவர் மேற்சட்டையிற் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். டின் பாலை வெந்நீரிற் கரைத்துத் துணித்திரியால் ஊட்டினேன். சின்னான் என்று பெயரிட்டேன். லயத்து வீட்டுச் சன்னலில் அது உறங்கும். பள்ளி விட்டு வரும்போது வேலிக்கம்பத்தில் காத்திருந்து என் தோள்மேல் தாவும். லயத்தில் யாரைக் கண்டாலும் கை நீட்டும்; எல்லாரும் ஏதேனும் ஒன்று கொடுப்பார்கள். மனிதர் கையில் உணவு இருக்கும் என்பதைத் தவிர மனிதரைப் பற்றி அதற்கு வேறொன்றும் தெரியாது. அதை அவ்வாறு ஆக்கியவன் நான். அதைத்தான் என் நட்பின் வெற்றி என்று பெருமைப்பட்டேன்.

1982இல் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடத் தொடங்கினார்கள். நாங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் குரங்குக்கு இடமில்லை. தந்தையாரோடு ஆற்றங்கரைக் காட்டோரம் சென்று சின்னானை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அழுதேன், ஆனாலும் ஒரு நற்செயல் செய்துவிட்டதாகவே எண்ணினேன். விட்டுவிட்டேன் அல்லவா! அந்த விளையாட்டின் விதியை அன்றே நான் நிறைவேற்றிவிட்டேன் எனலாம்.

மூன்று வாரங்களுக்குப் பின் தந்தையாரின் நண்பர் ஒருவர் வந்தபோது செய்தி சொன்னார். சின்னான் காட்டில் தங்கவில்லை. வெறுமையாகக் கிடந்த லயத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. அங்கு ஆள் இல்லாமையால் அருகிலிருந்த பழத்தோட்டத்துக்குப் போயிருக்கிறது. அங்கே துப்பாக்கியோடு நின்ற மனிதரைக் கண்டதும் மற்றக் குரங்குகள் எல்லாம் சிதறி ஓடின. இது மட்டும் கை நீட்டிக்கொண்டு அவரிடம் போயிற்று.

அந்த மனிதரை நான் குறை சொல்வதற்கில்லை. ஆண்டு முழுவதும் உழைத்த பழத்தைக் குரங்குக்குக் கொடுத்துவிட்டு அவர் எப்படி வாழ்வார்? காட்டுயிருக்கு அதன் அச்சமே கவசம். அக்கவசத்தை நான் இரண்டாண்டுகள் பொறுமையாக, அன்போடு, நாள்தோறும் கழற்றினேன். கழற்றி முடித்த பிறகு அதனை விடுதலை செய்தேன். விளையாட்டில் நண்பனாகிய உயிர், பணி முடிந்ததும் முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடுகிறது. மனிதரோடு பழகிய பழக்கம் அதன்மேல் ஒரு தழும்பையும் விடுவதில்லை. என் மாணவனுக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான். ஆனால் அன்று மாலை சொல்ல வாய் வரவில்லை.

இது என் ஒருவனின் கதை மட்டுமன்று. பத்துமலைப் படிகளில் ஏறுபவர் எவரும் அங்குள்ள குரங்குகளை அறிவர். பக்தர்கள் பரிவோடு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். கொடுத்துக் கொடுத்துப் பழகிய குரங்கு, பின்னர் கொடுக்காதவர் கையிலிருந்தும் பையைப் பிடுங்குகிறது. பிடுங்கிய குரங்கைத் திட்டுகிறோம், கல்லெறிகிறோம். பரிவில் தொடங்கியது பகையில் முடிகிறது. முருகன் சந்நிதிக்குப் போகும் வழியிலேயே இது நடக்கிறது என்பதுதான் வேதனை. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம், காட்டுயிர்களுக்கு வேண்டுமென்றே உணவு கொடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. உணவு கொடுப்பது குற்றமா என்று முதலிற் படித்தபோது எனக்கே கோபம் வந்தது. அன்னமிடுதலை அறத்தின் தலையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சின்னான் நினைவுக்கு வந்த பிறகு கோபம் அடங்கிற்று.

சபா மாநிலத்தின் செப்பிலோக்கில் 1964ஆம் ஆண்டு முதல் ஒராங் ஊத்தான் மறுவாழ்வு நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்து மீண்டும் காட்டுக்குப் பழக்கும் இடம் அது. அங்கு மேடையில் வைக்கும் உணவை வேண்டுமென்றே நாள்தோறும் ஒரே மாதிரியாக, சலிப்பூட்டும்படி வைக்கிறார்கள். சலிப்படைந்த குட்டி தானே காட்டில் வேறு உணவு தேடட்டும் என்பது நோக்கம். மனிதரின் நோய் தொற்றக்கூடும் என்பதால் பார்வையாளர்கள் விலகி நிற்க வேண்டும்; தொடுதல் கூடாது. விருந்து படைப்பவன் தன் விருந்து சலிக்க வேண்டும் என்று விரும்பும் இடம் உலகில் வேறு எங்கேனும் உண்டோ? தன்னை மறந்துவிடும்படி ஒருவன் ஊட்டுகிறான். இளைய ஆசிரியர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். நம் தொழிலுக்கும் இது முற்றிலும் அயலானதன்று.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனை என் மனைவியாரே சொன்னார். அவரும் ஆசிரியர். "அந்தக் குரங்கை நீங்கள் வளர்த்திராவிட்டால் இன்றைக்குக் காட்டு விலங்குகளைப் பற்றி ஒரு வரியாவது எழுதுவீர்களா? பிள்ளைகளுக்கு முதலில் ஆசை வரட்டும். ஆசையே வராத இடத்தில் அருள் எங்கிருந்து வரும்?" என்றார். இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. தாஜிரியும் பூச்சிகளைப் பிடித்துத்தான் பூச்சிகளை நேசிக்கக் கற்றார். ஒரு வண்டையும் கையில் எடுத்துப் பார்க்காத பிள்ளை வண்டுகளுக்காக வருந்தும் என்று எதிர்பார்ப்பது அறியாமை. தொலைவில் நின்று நேசிப்பது முதியவர்க்கு இயலலாம். பத்து வயதில் அது இயலுமா? விளையாட்டுத் திரையில் வளையம் போட்டு நட்புக் கொள்வதால் எந்தக் குரங்கும் சுடப்படுவதில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவகையில், நான் 1980இல் செய்த தவற்றைத் தீங்கின்றிச் செய்து பார்க்க அந்தச் சிறுவனுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. 2016ஆம் ஆண்டு முதல் 2020ஆம் ஆண்டு வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, தீபகற்பக் காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று கூறியது. நம் நாட்டுச் சின்னத்தில் இருபுறமும் நிற்கும் புலி அது. அதனைக் காக்கும் பணி எவ்வாறு நடக்கிறது? காவலர்கள் நாள்கணக்கில் காட்டில் நடந்து, வேட்டைக்காரர்கள் கட்டிவைத்த சுருக்குக் கம்பிகளைத் தேடித் தேடி அறுக்கிறார்கள். அவ்வாறு நடப்பவர்களுள் ஓராங் அஸ்லி மக்களும் உண்டு. மரத்திற் பொருத்திய ஒளிப்படக் கருவியில் புலியின் உருவம் பதிந்திருக்கலாம். நேரில் ஒருமுறையேனும் புலியைக் காணாமலே ஆண்டுகள் கழியலாம். அறுக்கப்பட்ட சுருக்கின் அருகே மறுநாள் நடந்துபோகும் புலிக்கு, அங்கு ஒரு சுருக்கு இருந்தது என்பதே தெரியாது. அறுத்தவரை எதிரிற் கண்டால் அது விலகி ஓடும். அவ்வாறு ஓடுவதே அவர்களுக்கு வேண்டியது. இக்காவலர்களை வைத்து ஒரு விளையாட்டு செய்தால் யார் வாங்குவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு பிராணியும் திரையில் தோன்றாது. நாள் முழுவதும் நடை, அட்டைக்கடி, மழை. ஒரு கம்பி அறுபட்டால் ஒரு மதிப்பெண்!

மாணவனின் தாயார் மறுவாரம் வந்து கையொப்பமிட்டுக் கருவியை வாங்கிச் சென்றார். அதன் பின்னர் இரண்டு மாதம் கழித்து அதே மாணவன் ஒரு காலணிப் பெட்டியோடு என் அறை வாசலில் நின்றான். பெட்டிக்குள், இறகு முளைத்தும் வால் நீளாத கொண்டைக்குருவிக் குஞ்சு ஒன்று இருந்தது. சிற்றுண்டிச் சாலையின் பின்புறச் செம்பருத்திச் செடியடியில் கிடந்ததாம்.

"ஐயா, இதற்கு அம்மா இல்லை. நான் வளர்க்கட்டுமா?"

இருவரும் அவ்விடத்துக்குச் சென்றோம். மின்கம்பியில் இரண்டு பெரிய குருவிகள் உட்கார்ந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. குஞ்சைச் செடியின் நடுக்கிளையில் வைக்கச் சொன்னேன். வைத்தான். ஒரு மூடியில் தண்ணீரும் கொஞ்சம் சோறும் வைக்கலாமா என்று கேட்டான். வேண்டா என்றேன். அருகில் நின்று பார்க்கலாமா என்றான். நாம் நிற்கும்வரை அவை இறங்கி வரமாட்டா என்றேன். அவன் முகம் வாடியது. பெட்டியைக் கையிற் பிடித்தவாறே மண்டபத்தின் மறுகோடிக்குப் போய்ச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓய்வு நேரம் முடியும்வரை நானும் அவனோடு நின்றேன். சின்னானைப் பற்றி அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அவன் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன்பே அவன் செடியருகே இருந்தான். கிளை வெறுமையாக இருந்தது. மின்கம்பியிலும் ஒன்றையும் காணோம்.

"பறந்து போயிருக்குமா, ஐயா?"

"தெரியவில்லை."

"பூனை பிடித்திருக்குமா?"

"அதுவும் இருக்கலாம். தரையில் இறகு ஒன்றும் கிடக்கவில்லை. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

அவன் குனிந்து செடியடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "உயிரோடு இருந்தால் அதற்கு என்னை நினைவிருக்குமா?" என்று கேட்டான்.

"இருக்காது" என்றேன்.

மணி அடித்தது. செருப்பில் ஒட்டிய மண்ணைப் புல்லில் தேய்த்துவிட்டு அவன் வரிசைக்கு ஓடினான்.